தக்காளிக்கு அடித்த களைக்கொல்லி

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஆளாளுக்கு விளைச்சல் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம் போகும். அஸ்தினாபுரத்தில் யாருக்கு வயல் இருக்கிறது? தாம்பரம் மார்க்கெட்டில் முந்தின நாள் வாங்கிய பூசணிதான் பலருக்கும் விளைச்சல். அப்பா ஓய்வுபெற்ற வருஷம், இந்தத் தடவை சொந்தத் தக்காளி என்று ஆயரிடமே சொல்லிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் பத்துச் செடிகள், ஓரத்தில் கொஞ்சம் சோளம்.

பண்டிகைக்கு ஏழு வாரம் இருக்கும்போது இலைகளில் அசுவினிப் பூச்சி வந்தது. வேப்பெண்ணெய் அடிக்க எங்கள் சபைக் கோயிலிலிருந்து ஸ்பிரேயரை இரவல் வாங்கிவந்தார். நான்காம் நாள் பத்துச் செடிகளும் முறுக்கிக்கொண்டன.

நான் பயோகெமிஸ்ட்ரி படித்தவள். எண் போட்டு எழுதினால்தான் எனக்கு எதுவும் புரியும். ஒன்று: நோய் என்றால் பத்தும் ஒரே நாளில் விழாது. இரண்டு: தண்ணீர் காரணமென்றால், மருந்து படாத செம்பருத்தியும் வாடியிருக்கும். மூன்று: மருந்து பட்ட சோளம் மட்டும் ஜம்மென்று நிற்கிறது. சோளம் புல் இனம்; புல் இனத்தை விட்டுவிட்டு மற்றதைத் தாக்கும் ஏதோ ஒன்று. நான்காவதை எழுதாமல் கோயிலுக்குப் போனேன்.

"கல்லறைத் தோட்டத்துல களைக்கு அடிச்சேம்மா," என்றார் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். "கழுவிட்டுத்தான் குடுத்தேன்."

"எத்தனை தடவை அண்ணா?"

"ஒரு தபா. இன்னா, அதுல தண்ணி புட்ச்சி குடிக்கவா போறீங்க?"

அவர் காட்டிய களைக்கொல்லி டப்பாவில் 2,4-டி என்றிருந்தது. செடியின் வளர்ச்சி ஹார்மோன்போல நடித்து, தாறுமாறாக வளரவைத்தே கொல்லும் மருந்து. ரப்பர் குழாயில் ஒட்டியிருக்கும் மிச்சமே தக்காளிக்குப் போதும்.

அப்பா மண்ணையே வெட்டியெறியக் கிளம்பினார்.

"மார்க்கெட்ல வாங்கிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரியுமே."

குழாயில் தங்கும் மருந்து மண்ணில் அவ்வளவு நாள் தங்காது, ஈரமும் வெயிலும் இருந்தால் நுண்ணுயிர்கள் சில வாரங்களில் தின்றுவிடும் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. செடிகளையும் சோளத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, இரண்டரை வாரம் மண்ணை நனைத்துக்கொண்டே இருந்தோம். பிறகு இரண்டு கப்பில் பீன்ஸ் விதைத்தேன்: ஒன்றில் அந்த மண், இன்னொன்றில் வாசல் மண். அப்பா காலையில் பேப்பருக்கு முன்னால் கப்பைப் பார்த்தார். இரண்டிலும் முளை கோணாமல் வந்தது. அன்றே சிறுகீரை தூவினோம்.

ஏலத்தில் எங்கள் கீரைக்கட்டைத் தூக்கியதும் அப்பா மைக்கை வாங்கி, ஸ்பிரேயர் கதையை முழுசாகச் சொன்னார். இதை நாங்கள் பேசிவைக்கவில்லை. யாரும் விலை கேட்கவில்லை.

முன்வரிசையிலிருந்த டீச்சர் அக்கா ஒருவர், "அங்கிள், நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார்.

"நேத்து பொரியல். மிச்சத்தைக் காலையிலயும் சாப்பிட்டேன்."

"அப்ப எனக்குக் குடுங்க."

"போட்டிக்கு யாராவது கேளுங்கப்பா," என்றார் ஏலம் விட்டவர்.

பின்னால் இரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்று அம்மாவுடையது.