பழைய டயருக்கு வைத்த எலுமிச்சம்பழம்

பேய், காற்று, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நாங்கள் குடியிருக்கிற கல்மண்டபத்தில் சுற்றிப் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள், அவர்களிடம் இப்படிக் கதை நிறைய உண்டு, ஒன்றையும் காதில் போட்டுக்கொண்டதில்லை. நான் கார் ஓட்டுகிறவன். சத்தம் வந்தால் எங்கேயோ ஒரு போல்ட் லூஸ், அதற்கு மேல் யோசித்தது கிடையாது. இதையும் நீங்கள் நம்ப வேண்டும் என்று எழுதவில்லை. நடந்தது இது.

செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த சமயம். சொந்த அம்பாசிடர் வைத்திருந்தேன். கப்பல் கம்பெனி ஆபீசர்களை எண்ணூருக்கும் மணலிக்கும் கொண்டுபோய் விடுகிற வேலை. டேங்கர் லாரி சிந்திய எண்ணெய் மேல் மழை விழுந்தால் அந்த ரோடு சோப்பு போட்ட மாதிரி வழுக்கும். முந்தின ஐப்பசியில் ஒரு கண்டெய்னர் லாரிக்கு அடியில் போயிருப்பேன், தப்பித்தேன். அதனால் இந்தத் தடவை புரட்டாசியிலேயே நாலு டயரையும் மாற்றிவிடுவது என்று முடிவு.

டயர்க் கடை பாய் மூன்று விதம் எடுத்துப் போட்டார். ஒன்று சாதா. ஒன்று வேகத்துக்கு நல்லது, மழையில் சுமார். மூன்றாவது வேகமும் தாங்கும், வெயில் மழை இரண்டிலும் பிடிக்கும், விலைதான் கூட. அதன் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், நகம் முழுக்க உள்ளே போனது. தண்ணீரை இரண்டு பக்கமும் தள்ளிவிடுமாம்.

"இத போட்டா நீ பிரேக்க மிதிக்கவே வேணா நைனா, நெனச்சாலே நிக்கும்" என்றார் பாய். அதையே எடுத்துக்கொண்டேன்.

அதில் ஒரு தப்பு நடந்தது. புது டயர் போட்டதும் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வண்டியை எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று வெள்ளிக்கிழமை. கடையில் கூட்டம் இருக்கும், டயர் மாட்டி முடிப்பதற்குள் ராகு காலம் வந்துவிடும் என்று என் மனைவி கோமளா காலையிலேயே வாசலில் வைத்துக் கற்பூரம் காட்டி, பழத்தை நசுக்கி அனுப்பிவிட்டாள். அப்போது வண்டியில் இருந்தது பழைய டயர். கடைக்குப் போன பிறகுதான் எனக்கே உறைத்தது. சக்கரத்தில் குங்குமத்தைப் பார்த்துவிட்டு பாய், "தூக்கிப் போடறதுக்கா பூஜ போட்ட?" என்று சிரித்தார்.

கழற்றிய நாலும் கோமளாவின் தம்பி தேசப்பனுக்குப் போனது. மீன் பிடிக்கிற இன்ஜின் படகு, லாஞ்சு, வைத்திருந்தான். காசிமேடு மீன் துறைமுகத்தில் லாஞ்சுகள் ஒன்றோடு ஒன்று உரசாமல் இருக்கப் பக்கவாட்டில் பழைய டயர் கட்டித் தொங்கவிடுவார்கள். பூஜை மாறிப்போனதைக் கோமளாவிடம் சொன்னேன். அவளுக்கு அவன் ஒரே தம்பி, தாய் இல்லாமல் அவள் வளர்த்தவன்.

"சரி வுடு. அவன் உசுருக்கு காவலா இருந்துட்டு போவட்டும்" என்றாள்.

மழை இன்னும் பிடிக்கவில்லை. ஒருநாள் மதியம், நல்ல வெயில், பின்சீட்டில் ஒரு ஆபீசர், திருவொற்றியூர் தாண்டிக் கடலோரமாகப் போகிறேன். ஒரு இடத்தில் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். அதன் மேல் ஏறின நேரம் ஆலைச் சங்கு ஊதியது. சமமான ரோடு, வண்டி ஆட ஆரம்பித்தது. குழியில் விழுந்த ஆட்டம் இல்லை. மெதுவாக மேலே தூக்கி, மெதுவாக இறக்கி. பிரேக்கை மிதித்தேன். கால் தரையைத் தொட்டது. வண்டி வேகம் கொஞ்சமும் குறையாமல் போய்க்கொண்டே இருந்தது. ஆனால் டயர் கிறீச்சிடும் சத்தம் கேட்டது, கடல் பக்கத்திலிருந்து. பிறகு ஆட்டம் நின்றது. பிரேக்கும் சரியாகிவிட்டது.

ஆபீசர் பேப்பரிலிருந்து தலையை எடுத்து, "எங்கேயோ ரப்பர் கருகுதேப்பா" என்றார். அவருக்கு வேறொன்றும் தெரியவில்லை.

ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். புது டயரில் தேய்ந்த தடம் இல்லை, ஒரு பொட்டுத் தார் இல்லை. வெயிலில் ஓடின டயர், தொட்டால் குளிர்ந்து கிடந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கோமளா தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மதியம் கடலிலிருந்து திரும்பி வரும்போது இன்ஜின் செத்து, அலை லாஞ்சைக் கரையோரம் கொட்டின பாறாங்கல் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. ஐந்து பேர். மோதினால் ஒருவனும் மிஞ்சமாட்டான்.

"கல்லுக்கும் எங்களுக்கும் ஒரு ஆள் எடந்தான் மாமா. அப்ப சங்கு ஊதுச்சு. யாரோ பிரேக் போட்ட மாரி தண்ணி மேல நின்னுச்சு. கிறீச்சினு சத்தம் வேற. கல்ல தொடவே இல்ல."

பக்கத்து லாஞ்சு கயிறு போட்டு இழுத்து வந்திருக்கிறது. நான் உடனே காசிமேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். லாஞ்சில் தொங்கின நாலு பழைய டயரும் ஒரே அளவுக்குப் பட்டையாகத் தேய்ந்திருந்தன. தேய்ந்த இடத்தில் தார், சின்னச் சின்ன ஜல்லி. அழுத்தினேன், விரலில் ஒட்டியது. புதுத் தார்.

தேசப்பன் அதற்கப்புறம் கடலுக்குப் போகவில்லை. லாஞ்சை ஆந்திரா பக்கம் யாருக்கோ விற்றான், டயரும் அதோடு போனது. நானும் அம்பாசிடரை விற்றுவிட்டு வேறு வண்டி வாங்கினேன். இருந்தும் வருடத்துக்கு ஒரு தடவையாவது நல்ல ரோட்டில் வண்டி அப்படி ஆடும். மிதிப்பேன். நிற்காமல் போகும். நிற்காமல் போனால் நிம்மதி, எங்கேயோ அந்த லாஞ்சு நின்றிருக்கிறது என்று அர்த்தம். இப்போது அதில் போகிறவர்கள் யாரென்று தெரியாது. ஆட்டம் அடங்கும் வரை காலை எடுக்கமாட்டேன்.

போன மழையில் எண்ணூர் போகும்போது ஆடியது. மிதித்தேன்.

வண்டி உடனே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஆடவே இல்லை.