பாதாங்கா மரத்துக்கு மேற்கே பன்னிரண்டு அடி

தனக்கொடியை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் இந்தப் பதினான்கு வருஷத்தில் புதுச்சேரியில் ஏதாவது ஒரு கல்யாண வரவேற்பிலோ கடலோரத் தோட்டத்து விருந்திலோ கையில் கிளாஸோடு நின்றிருந்தீர்கள் என்றால், நீங்கள் நின்ற அதே இடத்தில் உங்களுக்கு முன்னாலேயே அவள் வந்து நின்றுவிட்டுப் போயிருப்பாள். பகலில், வெறும் தரையில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு.

சேதராப்பட்டுக்குப் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. தட்டாஞ்சாவடியில் கோபிநாத் நடத்துகிற கேட்டரிங் கம்பெனிக்கு வெங்காயம் உரிக்கத்தான் முதலில் வந்தாள். ஒருநாள் விண்ணப்பம் எழுதுகிறவர் வரவில்லை. கையெழுத்து நன்றாக இருக்கிறதே என்று கோபிநாத் ஒரு தாளை அவளிடம் நீட்டினார். அன்றோடு வெங்காயம் போயிற்று, பர்மிட் வந்து ஒட்டிக்கொண்டது.

பாட்டிலை வாங்கி மேஜைமேல் வைத்தால் விருந்து ஆகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் தனக்கொடிக்கு எரிச்சல் வரும். தோட்டத்தையோ மண்டபத்தையோ வாடகைக்கு எடுத்து அங்கே மது பரிமாறுவதென்றால் கலால் அலுவலகத்தில் ஒருநாள் பர்மிட் வாங்கியாக வேண்டும். எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எத்தனை பேர், எந்தக் கடைச் சரக்கு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதோடு ஒரு ஸ்கெட்ச். கவுன்ட்டர் எங்கே, அதைச் சுற்றிக் கயிறு எதுவரை, பிள்ளைகள் உட்காரும் பந்தி எந்தப் பக்கம் என்று வரைந்து, அசையாத பொருள் ஏதாவது ஒன்றிலிருந்து அடிக்கணக்கும் போட்டுக் காட்ட வேண்டும். கயிற்றுக்கு வெளியே ஒரு சொட்டு போகக்கூடாது.

அந்த ஸ்கெட்ச்தான் அவளுடைய உயிர். இடத்துக்குப் போவாள், வெறுங்காலால் எல்லையை அளந்து நடப்பாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். மூடிய கண்ணுக்குள் விளக்குச் சரம் ஏறும், பட்டுப்புடவைகள் நடமாடும், யாரோ சிரிப்பார்கள். கண்ணைத் திறந்ததும் பென்சிலை எடுப்பாள். "அக்கா கனவு கண்டாத்தான் நமக்கு பர்மிட்டு" என்று கோபிநாத் கிண்டல் செய்வார். செய்யட்டும். அவள் போட்ட ஸ்கெட்ச் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தனை விருந்துக்கு இடம் அளந்தவள் ஒரு விருந்தைக்கூடப் பார்த்ததில்லை. தாளை வாங்கிக் கொடுத்ததோடு அவள் வேலை தீர்ந்தது. ஊரில் கிளாஸ்கள் உயர்கிற நேரத்தில் அவள் தன் வீட்டில் கணவன் கண்ணையனுக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பாள். நான் நினைத்த மாதிரியே விளக்கு கட்டியிருப்பார்களா என்ற நினைப்பு மட்டும் தூக்கம் வரும்வரை கூடவே இருக்கும்.

போன தை மாதம் அல்போன்ஸ் ஐயாவின் வேலை வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரோடு இருக்கிறவர். அவருக்கும் மனைவி ஆனந்தமேரிக்கும் கல்யாணமாகி ஐம்பது வருஷம். மாதா கோயிலில் பூசை முடிந்ததும், ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எந்தத் தோட்டத்தில் எல்லாரும் ஷாம்பெய்ன் கிளாஸைத் தூக்கி வாழ்த்தினார்களோ அதே தோட்டத்தில் மறுபடியும் தூக்க வேண்டும். அந்தக் குடும்பங்களில் அதற்கு வேன் தொனேர் என்று பெயர். தோட்டம் குருசுக்குப்பத்தில், கடலைப் பார்த்த மாதிரி இருக்கிறது. இப்போதுதான் வாடகைக்கு விட ஆரம்பித்திருக்கிறார்கள்.

விவரம் எழுதிக்கொள்ள அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அல்போன்ஸ் வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேரிக்கு எல்லாம் மறந்துக்கினே வருதும்மா. காலைல சாப்ட்டாளான்னு கேட்டா தெரியல. அடுத்த வருஷம் நான் யாருன்னு தெரியுமோ தெரியாதோ. இந்த வருஷமே அவ கையில ஒரு கிளாஸு குடுத்துடணும். அந்த எடத்துல வெச்சி குடுத்துடணும்."

உள்ளே ஆனந்தமேரி ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். தோட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் தெளிந்துபோயிற்று.

"கேட்டுல நொழைஞ்சா எடது பக்கம் கெணறு. அதுக்கு நேரா பாதாங்கா மரம். எல செவந்து கெடக்கும் கீழ. அதுமேலதான் நான் நடந்தேன். அவுரு ஷூ மேல ஒரு எல ஒட்டிக்கினு கூடவே வந்துச்சு. மரத்துக்கு மேக்கால மேச போட்டிருந்தாங்க, ஒரு பன்னண்டு அடி இருக்கும். கடக்காத்துல மேசத் துணி பறந்துச்சு, யாரோ தட்ட எடுத்து மேல வெச்சாங்க."

தனக்கொடி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் வாழ்நாளில் ஒரு விருந்துக்குள் யாரும் அவளை இப்படிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனதில்லை. வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. குருசுக்குப்பம் போக வேண்டும்தான். ஆனால் அவள் காலில் சிவந்த இலைகள் நொறுங்குவது போலவே இருந்தது. பார்த்துவிட்டு வந்த இடத்தை மறுபடி எதற்குப் பார்ப்பது என்று தோன்றிவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வரைந்துவிட்டாள். அந்த நாட்டு வாதுமை மரத்தை மட்டும் கொஞ்சம் ஆசையாக, இலை இலையாக வரைந்தாள். கவுன்ட்டர், பாதாங்கா மரத்துக்கு மேற்கே பன்னிரண்டு அடி.

விருந்து சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் கலால் இன்ஸ்பெக்டர் நெடுமாறன் தோட்டத்தைப் பார்க்க வந்தார். தனக்கொடியும் போயிருந்தாள். கேட்டைத் தாண்டியதும் இடது பக்கம் கிணறு இருந்தது. கிணற்றுக்கு நேரே ஜெனரேட்டர் வைக்கிற சிமெண்ட் மேடை இருந்தது.

நெடுமாறன் தாளைப் பார்த்தார், தோட்டத்தைப் பார்த்தார்.

"மரம் எங்கம்மா?"

தோட்டக்காரர்தான் பதில் சொன்னார். "அது புயல்ல சாஞ்சிடுச்சி சார். வேரோட எடுத்துட்டு தளம் போட்டுட்டோம்."

தன் பெயர் கெடுவதைப் பற்றிக்கூடத் தனக்கொடிக்கு அப்போது நினைப்பில்லை. வாசலில் நின்று குரலைத் தாழ்த்திய அந்தப் பெரியவர்தான் கண்ணுக்குள் நின்றார்.

"தனக்கொடிம்மா, ஒங்க ஸ்கெட்ச்சுன்னா நான் டேப்பே புடிக்கறதில்ல. இதுக்கு இன்னா சொல்றீங்க?"

"நான் வரலிங்க சார். வராமயே போட்டுட்டேன்."

"வராம எப்பிடி எலையெல்லாம் போட்டீங்க?"

அவள் மறைக்கவில்லை. ஆனந்தமேரி சொன்னது, அல்போன்ஸ் வாசலில் சொன்னது, பஸ்ஸில் வரைந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். நெடுமாறன் கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து கேட்டார். கறார் ஆசாமி என்று பெயர் எடுத்தவர். புது விண்ணப்பம் என்றால் மூன்று நாள் ஆகும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

"இல்லாத மரத்துக்கு நான் கையெழுத்து போட முடியாது" என்றார் கடைசியில். "இருக்கற கெணத்துக்குப் போடலாம். இங்கயே, என் எதிர்லயே அளந்து வேற போடுங்க. சாப்பாட்டுப் பந்தி ஷாமியானாக்குள்ள இருக்குது, புள்ளைங்க வரும். அதனால கவுன்ட்டரு அந்த வடக்கு மதில் ஓரமாத்தான். பன்னண்டுலேர்ந்து ரெண்டு. கயித்துக்கு வெளிய கிளாஸு போச்சின்னு தெரிஞ்சா அங்கயே நிறுத்திடுவேன். இன்னொண்ணு, நீங்களே கூட நின்னு மூடணும். பொறுப்புன்னு ஒங்க பேரத்தான் எழுதப்போறேன்."

பழைய ஸ்கெட்ச்சில் சிவப்புப் பேனாவால் குறுக்காக இரண்டு கோடு இழுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அதைக் கிழித்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை தனக்கொடி அரக்குக் கலர் புடவை கட்டினாள். "பார்ட்டிக்கா போற? திரும்பி வருவ இல்ல?" என்று கேட்டான் கண்ணையன். அவள் பர்மிட் தாள் பையில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி.

அவள் கண்ணை மூடிப் பார்த்த விருந்துகளில் பிளாஸ்டிக் நாற்காலி இருந்ததில்லை, ஜெனரேட்டர் சத்தமும் இருந்ததில்லை. இரண்டும் இங்கே இருந்தன. வடக்கு மதில் ஓரமாகக் கவுன்ட்டர், அதைச் சுற்றிக் கயிறு, கயிற்றுக்குள் தலைக்குமேல் ஒன்றும் கிடையாது, நல்ல வெயில். பர்மிட் தாளைக் கண்ணாடிக் கவரில் போட்டுக் கவுன்ட்டரில் தொங்கவிட்டிருந்தாள். இதற்குத்தானா இத்தனை வருஷம் ஏங்கினோம் என்று அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மாதா கோயிலில் சாமியாரின் பிரசங்கம் நீண்டுபோனதில் அல்போன்ஸ் குடும்பம் வந்து சேரவே பன்னிரண்டே முக்கால். உறவுக்காரர்கள் முப்பது பேர் இருக்கும். ஆனந்தமேரி வெள்ளைப் பட்டு உடுத்தி, அல்போன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் வந்தாள். வந்தவள் கிணற்றைப் பார்த்தாள். பிறகு அதற்கு நேரே பார்த்தாள். கையை உதறிக்கொண்டாள்.

"இது எந்த எடம்? மரம் எங்க?"

"இதான் மேரி. இதான் அந்த எடம்."

"என்ன ஏமாத்தாதீங்க. எனக்கு ஊட்டுக்குப் போவணும்."

அவள் சிமெண்ட் மேடைப் பக்கம் போய் நின்றுகொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பக்கமாக வந்து கெஞ்சினார்கள். அவள் அசையவில்லை. மணி ஒன்றேகால் ஆயிற்று. அல்போன்ஸ் கவுன்ட்டருக்கு வந்து இரண்டு கிளாஸ் வாங்கினார். அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பார். கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கியபோது தனக்கொடி குறுக்கே வந்து நின்றாள்.

"ஐயா, கிளாஸு கயித்துக்கு வெளிய போவக்கூடாதுங்க."

அவர் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இப்படி ஒரு வார்த்தையைச் சொன்ன தன் வாயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

"செத்த இருங்க. இங்கயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஆனந்தமேரியிடம் போனாள். மடித்த தாளைப் பிரித்துக் காட்டினாள்.

ஆனந்தமேரி தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். விரலால் இலைகளைத் தடவினாள்.

"இதான். இதான் மரம். இந்தச் செவப்புக் கோடு இன்னாது?"

"கயிறுங்கம்மா."

"ஊஞ்சக் கயிறு" என்றாள் ஆனந்தமேரி உடனே. "புள்ளைங்களுக்குக் கட்டியிருந்தாங்க. எனக்கு மறந்தே போச்சு பாரு."

"வாங்கம்மா, மரம் அந்தாண்ட இருக்குது. நீங்க வேற பக்கம் வந்துட்டீங்க."

பதினான்கு வருஷத்தில் ஒரு அடி தப்பாகப் போடாதவள், தாளைக் கையில் வைத்துத் திருப்பினாள். கால் வட்டம், இன்னும் கொஞ்சம். படத்திலிருந்த மரம் நகர்ந்து நகர்ந்து வடக்கு மதில் ஓரத்துக்கு வந்து, கயிற்றுக்குள் நின்றது. ஆனந்தமேரி தாளைப் பார்த்தபடியே அடியெடுத்து வைத்தாள். காலடியில் எதையோ மிதித்துவிடக்கூடாது என்கிற மாதிரி மெதுவாக நடந்தாள். கயிற்றைத் தாண்டி உள்ளே வந்ததும் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். வெறும் வானம்தான் இருந்தது. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"எவ்ளோ பெருசா வளந்துடுச்சி" என்றாள்.

ஒருத்தர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அல்போன்ஸ் கிளாஸை அவள் கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிவிட்டார். "சாந்தே, மேரி" என்று பிரெஞ்சில் வாழ்த்தினார். அவர் கை ஆடியது. ஷாம்பெய்ன் தளும்பி அவள் புடவையில் தெறித்தது.

ஆனந்தமேரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணத்தன்னிக்கும் ஒங்க கை இப்பிடித்தான் ஆடுச்சி. இன்னும் நிக்கலியா?"

அல்போன்ஸுக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வெறுந்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் நெடுமாறன் நிற்பதைத் தனக்கொடி அப்போதுதான் கவனித்தாள். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவர் கயிற்றைப் பார்த்தார், இரண்டு கிளாஸும் அதற்குள் இருப்பதைப் பார்த்தார். கடிகாரத்தைக் காட்டி இரண்டு விரலை உயர்த்திவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தனக்கொடி பாட்டில்களை மூடினாள். பர்மிட் தாளை இறக்கினாள். மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த இரண்டு பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

"ஏம்மா வெயில்லயே நிக்கற?" என்று ஆனந்தமேரி கூப்பிட்டாள். "இப்பிடி நெழலுக்கு வா."

அல்போன்ஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தனக்கொடி போய் உட்கார்ந்தாள். உச்சி வெயில் தலையில் இறங்கியது. கடல் பக்கமிருந்து காற்று வந்து மேஜைத் துணியைத் தூக்கியது. அவள் எட்டி ஒரு தட்டை எடுத்து அதன்மேல் வைத்தாள். பிறகு கண்ணை மூட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கண்ணையன் அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாடி மூஞ்சியெல்லாம் கருத்துப் போச்சி? நாளெல்லாம் வெயில்லயா நின்ன?"

"இல்ல. மரத்தடியிலதான் ஒக்காந்திருந்தேன்" என்றாள் தனக்கொடி.