மூன்று பேர் கட்டிய மாத்திரைச் சீட்டு

போன வாரம் மெடிக்கல் ஷாப்பில் நான் கத்தியபோது நீங்கள் ரெண்டு பேரும் வெட்கப்பட்டு வெளியே போய் பானிபூரி வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டீர்கள்.  வீட்டுப் படி ஏறும்போது சின்னவள், "அந்த அண்ணன் இல்லேன்னுதானேப்பா சொன்னாரு, அதுக்குப் போய் ஏன் இவ்ளோ கோபம்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. உங்கள் அத்தைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தைராய்டு மாத்திரை அந்தக் கடையில் இல்லை. ஆர்டர் போட்டால் வரலாம், வராமலும் போகலாம், பணத்தை மட்டும் முன்னாலேயே கட்டிவிட வேண்டும் என்றான். அவன் சம்பளத்துக்கு நிற்கிற பையன். என் கோபம் அவனைவிட வயதில் மூத்தது. எனக்கு எட்டாவது வரைதான் படிப்பு, கோர்வையாக எழுத வராது. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மர்பி டவுனில் ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள வீடு. அப்பாவுக்கு பேக்கரியில் அடுப்பு வேலை. அம்மா வீட்டிலேயே தையல். மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் முதலாக நற்கருணை, வாங்கும் பெண் பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன் தைப்பதில் அம்மாவுக்கு நல்ல பெயர். ஈஸ்டர் முடிந்ததும் எங்கள் வீட்டில் உட்கார இடம் இருக்காது, எங்கு பார்த்தாலும் வெள்ளைத் துணி. சாம்பார் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் போனால் அடி விழும்.

அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி வந்து, ஆபரேஷன் செய்து, தைராய்டு சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். அது பார்த்துவந்த வேலையை இனிமேல் மாத்திரைதான் பார்க்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று போட்டுக்கொண்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். அந்த மாத்திரை எல்லாக் கடையிலும் கிடைத்தது, விலையும் குறைவு. லட்சம் பேருக்கு அது ஒன்றே போதுமாம். எங்கள் அம்மாவுக்குப் போதவில்லை. ஏப்ரல் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். தையல் மிஷின் மேலேயே தலைசாய்த்துத் தூங்கினாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே நேரம் பிடித்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, ரிப்போர்ட் நார்மல், மனசைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் பெரியம்மா அந்த ரிப்போர்ட்டை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ரிப்போர்ட் நன்றாக இருக்கும்போது மனுஷி மட்டும் எப்படிக் கெட்டுப்போவாள், எல்லாம் வேலைக் கள்ளத்தனம் என்று போகிற இடமெல்லாம் சொன்னாள்.

பிறகு வேறு ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் அம்மாவை உட்காரவைத்து முழுக்கதையையும் கேட்டார். வழக்கமான மாத்திரையை உடம்பு உள்ளே போய் வேறொன்றாக மாற்றிக்கொள்ள வேண்டுமாம். சிலருக்கு அந்த மாற்றம் சரியாக நடப்பதில்லையோ என்னவோ, எதற்கும் மாற்றி முடித்த சரக்கையே கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம் என்று இன்னொரு மாத்திரை எழுதினார். தன்னிடம் இருந்த கொஞ்சத்தையும் கொடுத்தார். அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர். எங்கள் வீட்டில் அதன் பெயர் ரெண்டாவது மாத்திரை. இப்போது உங்கள் அத்தைக்கு எழுதியிருப்பதும் அதேதான்.

அது எல்லோருக்கும் கேட்காது என்று டாக்டரே சொல்லியிருந்தார். அம்மாவுக்குக் கேட்டது. கொஞ்ச நாளில் ஸ்வெட்டர் பெட்டிக்குள் போனது. ஒரு காலையில் நான் பல் விளக்காததற்கு அம்மா தெருவே கேட்கும்படி திட்டினாள். அப்பா அடுப்படியில் நின்று சிரித்தார். "வந்துட்டாடா உங்கம்மா" என்றார்.

டாக்டர் கொடுத்தது தீர்ந்தபின்தான் தெரிந்தது, அந்த மாத்திரை எந்தக் கடையிலும் கிடையாது என்று. சிட்டி மார்க்கெட் பக்கம் மொத்த மருந்துக் கடைகள் உள்ள சந்தில் ஒரே ஒரு ஆள் அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்றான். நூறு மாத்திரை உள்ள சீல் வைத்த பாட்டில். வாங்கினால் பாட்டிலாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டும். ஒரு பாட்டிலின் விலை அப்பாவின் பாதிச் சம்பளம்.

அந்த லேடி டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் பெஞ்சில்தான் அம்மாவுக்கு மற்ற இருவரும் பழக்கம். ஒருவர் பிரேசர் டவுன் பாயம்மா, பேரப்பிள்ளைகள் எடுத்தவர். இன்னொருவர் ஸ்ரீராம்புரம் அக்கா, அம்மாவைவிட இளையவர். தெருக் கூட்டும் வேலை, அதுவும் கான்ட்ராக்ட்டில். விடிவதற்கு முன்னால் மேஸ்திரி பேர் கூப்பிடுவான், அப்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அடிக்கடி இல்லாவிட்டால் வேலையே இல்லை. மூவருக்கும் எழுதப்பட்டது அதே மாத்திரை. மூவரிடமும் ஒரு முழு பாட்டிலுக்குப் பணம் இல்லை.

நம் ஜனங்களுக்குப் பெரிய பணம் தேவைப்பட்டால் தெரிந்த வழி ஒன்றுதான், சீட்டு. எங்கள் சந்தில் கிறிஸ்துமஸ் சீட்டு, பாத்திரச் சீட்டு எல்லாம் அம்மாதான் பிடித்தாள். மாத்திரைக்கும் அதையே செய்தாள். மாதாமாதம் மூவரும் ஆளுக்கு ஒரு பங்கு கட்டுவது, அந்தப் பணத்தில் ஒரு பாட்டில் வாங்குவது, அதை ஒருவர் எடுப்பது. ஒரு பாட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் வரும். அது தீரும்போது மறுபடியும் அவர் முறை வந்துவிடும். ஒரு சுற்று முடிந்துவிட்டால் யாருக்கும் தட்டுப்பாடு இல்லை. இதைப் பெரிய படிப்புப் படித்தவர்கள் யாரும் சொல்லித்தரவில்லை, மூன்று சீக்காளிப் பெண்கள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தார்கள்.

சீட்டின் வழக்கப்படி முதல் எடுப்பு சீட்டை நடத்துகிறவருக்கு. அதனால் முதல் பாட்டில் அம்மாவுக்கு. மிச்ச இரண்டுக்கும் எவர்சில்வர் டம்ளரில் பேர் எழுதிப் போட்டுக் குலுக்கினார்கள். பாயம்மா பேர் முதலில் வந்தது. ஸ்ரீராம்புரம் அக்காவுக்குக் கடைசி.

பாயம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா, பாட்டிலைப் பிரிச்சு மூணா பங்கு போட்டா என்னா? இந்தப் பொண்ணு அதுவரைக்கும் காத்துக்கினு இருக்கணுமே" என்றார்.

சீலைப் பிரித்து வெளியே கொட்டிவைத்தால் காற்றுப் பட்டு மாத்திரையின் சத்துப் போய்விடும் என்று கடைக்காரன் சொல்லி அனுப்பியிருந்தான். அம்மா அதை நம்பினாள். அது மட்டுமில்லை, சீட்டென்றால் சீட்டு மாதிரி நடக்க வேண்டும், ஒருவருக்காக வளைத்தால் நாளைக்கு எல்லாருக்கும் வளைக்க வேண்டி வரும் என்பது அம்மாவின் சட்டம். ஸ்ரீராம்புரம் அக்கா சிரித்துக்கொண்டே, இவ்வளவு நாள் இருந்தாயிற்று, இன்னும் ரெண்டு மாதம் பெரிதா என்றார். சீட்டுக் கட்டிப் பழகியவர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். பாத்திரம் காத்திருக்கும். உடம்பு காத்திருக்காது. அது மூவருக்கும் தெரியும், ஆனாலும் பழக்கம் ஜெயித்தது.

அம்மாவின் பாட்டில் வந்தது. அடுத்த மாதம் பாயம்மாவின் பாட்டில் வந்தது. மூன்றாவது மாதம் பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா சிட்டி மார்க்கெட் போனாள். பள்ளிக்கூடம் லீவு, என்னையும் அழைத்துப்போனாள்.

கடையில் கண்ணாடிக் கதவு போட்ட பிரிட்ஜ் இருந்தது. உள்ளே அந்தப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. அந்த ஆள் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்து விலை சொன்னான். மூன்று மடங்கு. அம்மா தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டாள். அவன் பாட்டிலைத் திருப்பி, ஒட்டியிருந்த விலையைக் காட்டினான். புது ஸ்டிக்கர் கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் பழைய ஸ்டிக்கர் எட்டிப் பார்த்தது.

"இது போன மாசம் வந்த சரக்குதானே? பழைய விலை அடியில தெரியுதே" என்றாள் அம்மா.

"நேத்து விலை நேத்தோட போச்சும்மா. டாலர் ஏறிடுச்சு."

டாலர் என்றால் எனக்குத் தெரிந்தது மாதா படம் போட்டு சங்கிலியில் தொங்கும் டாலர்தான். அது ஏறினால் மாத்திரைக்கு என்ன என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கைக்குட்டையை அவிழ்த்து வைத்தாள். இந்தப் பணத்துக்கு மூன்றில் ஒரு பங்காவது பிரித்துக் கொடுங்கள், ஒருத்தி ரெண்டு மாதமாகக் காத்திருக்கிறாள் என்று கேட்டாள். எந்த சீலைப் பிரிக்கக் கூடாது என்று தானே சட்டம் போட்டாளோ, அதைப் பிரிக்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

"சீல் பிரிச்சா மிச்சத்தை யாரு வாங்குவா? சும்னே பேஜார் பண்ணாதீங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. இந்த மாத்திரை இல்லாம யாரும் செத்துப் போயிடல."

சொல்லிவிட்டுப் பாட்டிலை எடுத்து மறுபடி பிரிட்ஜுக்குள் வைத்து, கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்தான். மாத்திரைமேல் அவ்வளவு அக்கறை.

யாரும் செத்துப் போகவில்லை, வாஸ்தவம். அதனால்தான் இது பேப்பரில் வரவில்லை, எந்த ஆபீசிலும் யாரும் பதில் சொல்லவில்லை. படுக்கையிலிருந்து அடுப்புக்குப் போவதற்குள் மூச்சு வாங்குவது சாவு கிடையாது. கையில் பிடித்த ஊசி ஏன் கையில் இருக்கிறது என்று மறந்துபோவது சாவு கிடையாது. பெற்ற பிள்ளையைக் கோபித்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லாமல் பார்த்துக்கொண்டே இருப்பதும் சாவு கிடையாது. ஒரு மனுஷியை இப்படிப் பாதியில் நிறுத்தி வைத்துவிட்டு, அவள்தான் செத்துப் போகவில்லையே என்று சொல்கிறவனை என்ன செய்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நாங்கள் வந்த கொஞ்ச நேரத்தில் ஸ்ரீராம்புரம் அக்கா வாசலில் நின்றார். வேலைக்குப் போட்டுக்கொள்ளும் பச்சைக் கோட்டு, அதற்குள்ளே ஸ்வெட்டர். முகம் ஊதியிருந்தது. படியேறி வந்ததற்கு நிலையைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறினார். இன்னொரு தடவை லேட்டாக வந்தால் பேரை அடித்துவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டானாம். இன்றைக்குப் பாட்டில் கிடைத்துவிடும், இனி பயமில்லை என்று சொல்லி உள்ளே வந்தார்.

பெரியம்மாவும் அன்றைக்கு வந்திருந்தாள். அம்மா விஷயத்தைச் சொன்னதும் முதலில் வாய் திறந்தது அவள்தான். சீட்டுப் பிடித்தவள்தான் பொறுப்பு, சீட்டு உடைந்தால் கைக்காசைப் போட்டாவது கொடுப்பதுதான் மரியாதை என்றாள். யார் பக்கம் பேசுகிறோம் என்பதெல்லாம் அவளுக்கு முக்கியமில்லை.

அம்மா கைக்குட்டையை அப்படியே நீட்டினாள். ஸ்ரீராம்புரம் அக்கா வாங்கவில்லை.

"பணத்த வச்சு நான் இன்னாக்கா பண்றது? நான் மாத்திரைக்கில்ல கட்டுனேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படுவதற்கும் அந்த மாத்திரை வேண்டும்.

அம்மா எழுந்து அலமாரியைத் திறந்தாள். தன்னுடைய பாட்டிலை எடுத்து வந்தாள். பாதிக்கும் கீழே இருந்தது. அதை அக்காவின் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"உங்களுக்கு?"

"எனக்கு டாக்டரம்மா வேற தந்திருக்காங்க."

தரவில்லை. எனக்கே தெரியும். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினார், பாதியில் நிறுத்தினார், விடியற்காலை மேஸ்திரி நினைவுக்கு வந்திருப்பான். கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இந்தக் கதையைக் கேட்ட பாயம்மா ஆட்டோ பிடித்து வந்து அம்மாவை நன்றாகத் திட்டினார். தன் பாட்டிலைத் திறந்து பாதியை ஒரு காகிதத்தில் கொட்டி மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். காற்றுப் பட்டு ஒன்றும் ஆகவில்லை. அதுவும் தீர்ந்தது. மூவருக்கும் தீர்ந்தது. மார்க்கெட் கடைக்காரனிடம் மட்டும் பாட்டில்கள் இருந்தன. மே மாதம் அம்மா ஸ்வெட்டரோடு மிஷினில் உட்கார்ந்தாள். சொன்ன நாளில் கவுன்கள் முடியவில்லை. பிள்ளைகளின் தாய்மார் வந்து வெட்டிய துணியையும் லேஸ் பட்டையையும் வாரிக்கொண்டு வேறு தையல்காரியிடம் போனார்கள். வீட்டில் திடீரென்று உட்கார இடம் கிடைத்தது. ஸ்ரீராம்புரம் அக்காவின் பேரை மேஸ்திரி மழைக்காலத்தில் அடித்துவிட்டதாக பாயம்மா சொன்னார். அதற்கப்புறம் அவரைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா புறப்படும்போது அம்மாவும் வாசல்வரை போனாள். "என்னை மன்னிச்சுக்கோம்மா, முதல் நாளே பங்கு போட்டிருக்கணும்" என்றாள் அம்மா. "ஐயோ, நீங்கதான்க்கா மன்னிக்கணும், உங்களோடத எடுத்துக்கினு போறேன்" என்றார் அக்கா. ரெண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு மாறி மாறி அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அம்மாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒருவர் மன்னிப்புக் கேட்டால் அவர் ஏதோ தப்புச் செய்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக் கொடுத்த பாடம். இந்த ரெண்டு பேரில் தப்புச் செய்தது யார் என்று அவர்கள் முகத்திலேயே தேடிக்கொண்டிருந்தேன்.