ஆறு வரி மோர்க்குழம்பு

விஜயலக்ஷ்மி கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு பம்ப் கம்பெனியில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். பம்ப் வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வருமே, எப்படிப் பொருத்துவது, எப்படி ஓட்டுவது என்று, அதை எழுதுகிற வேலை. படிக்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும் என்று புதிதாகச் சேர்ந்தவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்.

ஒருமுறை உத்திரமேரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், புது பம்ப் தண்ணீரே எடுக்கவில்லை என்று புகார் அனுப்பினார். போய்ப் பார்த்தால், கிணற்றுக்குள் இறக்கிய வால்வின் மேல் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. என்ஜினியர்கள் இரண்டு நாள் சிரித்தார்கள். விஜயலக்ஷ்மி சிரிக்கவில்லை. "நாம எழுதலையே, அவர் எப்படிக் கழட்டுவார்?" என்று கேட்டார். அடுத்த பதிப்பில் 'உறையைக் கழற்றவும்' என்ற வரி தடித்த எழுத்தில் வந்தது.

ஓய்வு பெற்றபின் அடையாறு கஸ்தூரிபா நகரில், எட்டு வீடுகள் கொண்ட ஒரு அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் தனியாக இருந்தார். எதிர்வீட்டில் ஹஸன். முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் என்ஜின் அறையில் வேலை பார்த்துவிட்டுக் கரையேறியவர். அவர் மனைவி ஜரீனா, மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் மஸ்கட் போயிருந்தார். மனிதர் ஹோட்டல் பொட்டலத்தில் காலம் தள்ளுவதைப் பார்த்து ஒருநாள் விஜயலக்ஷ்மி பூசணிக்காய் மோர்க்குழம்பு கொடுத்தனுப்பினார். மறுநாள் கழுவிய கிண்ணத்தோடு ஹஸன் வந்தார்.

"மேடம், இதை எப்படிச் செய்யறதுன்னு எழுதிக் குடுங்க. நான் கப்பல்ல மேனுவலைப் பார்த்து எதை வேணா கழட்டி மாட்டியிருக்கேன்."

விஜயலக்ஷ்மிக்கு மகிழ்ச்சி. காலண்டர் தாளைக் கிழித்து, நின்றபடியே ஆறு வரி எழுதிக் கொடுத்தார். பருப்பும் அரிசியும் ஊற வைக்கவும். தேங்காய், பச்சை மிளகாய், சீரகத்தோடு அரைக்கவும். மோரில் கலக்கவும். பூசணித் துண்டுகளைப் போடவும். அடுப்பில் வைத்துப் பதமாக இறக்கவும். தாளிக்கவும்.

இரண்டு நாள் கழித்து ஹஸன் ஒரு பாத்திரத்தோடு வாசலில் நின்றார். உள்ளே பச்சைத் துண்டுகள் வெள்ளைத் தண்ணீரில் மிதந்தன. விஜயலக்ஷ்மி ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தார்.

"உப்பே போடலையா?"

"நீங்க எழுதலையே, மேடம்."

"உப்பு போடணும்னு எழுதுவாளா? காயை வேக வைக்காம யாராவது போடுவாளா?"

ஹஸன் தாளை எடுத்துப் பார்த்து, உப்பு, வேக வைத்த, என்று இரண்டு இடத்தில் பென்சிலால் சேர்த்துக்கொண்டு போனார். அடுத்த முறை குழம்பு திரிந்துபோய் வந்தது. பதம் என்று போட்டிருந்ததால், எதற்கும் இருக்கட்டும் என்று கால் மணி நேரம் கொதிக்க விட்டாராம். கப்பல் ஓட்டின மனுஷருக்கு இவ்வளவு மந்தமா என்று விஜயலக்ஷ்மி வேளச்சேரியில் இருக்கும் தங்கையிடம் போனில் சொன்னார்.

கீழ்வீட்டு ஷண்முகப்ரியா, குடியிருப்புச் சங்கச் செயலாளர், ஹஸனிடம் வேறு விதமாகச் சொன்னார். "சில பேர் ரெசிப்பி குடுக்கும்போது ஒரு ஐட்டத்தை விட்டுத்தான் சொல்லுவாங்க, அங்கிள்." இது மூன்று வீடு சுற்றி விஜயலக்ஷ்மியின் காதுக்கு வந்தது. மறுநாள் காலை எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"என் எதிர்ல பண்ணுங்கோ. நான் வாயே திறக்க மாட்டேன். எங்க தப்பு பண்றேள்னு பார்க்கறேன்."

ஹஸன் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்துச் செய்தார். ஊற வைத்திருந்தது உளுத்தம்பருப்பு. எந்தப் பருப்பு என்று தாளில் இல்லை. பிறகு அன்று காலை வாங்கிய தயிர் பாக்கெட்டை வெட்டி, வெயிலில் வந்தவர்களுக்குக் கொடுப்பதுபோல நாலு டம்ளர் நீர்மோராக ஆற்றினார். விஜயலக்ஷ்மி வாயைத் திறந்து, கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். மோர்க்குழம்பில் ஊற்றுவது புளித்த கெட்டித் தயிரைக் கடைந்துதான். ஆனால் தாளில் 'மோர்' என்றுதான் இருந்தது, அவருடைய கையெழுத்தில்.

தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஹஸன் ஒரு வரியைக்கூடத் தாண்டவில்லை. தன் கீழ் வேலை பார்த்த யாராவது இப்படி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் முகத்துக்கு நேரே கிழித்திருப்போம் என்று தோன்றியது. "எனக்குத் தலை வலிக்கறது," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அதன்பின் நாலு நாள் அவர் வீட்டில் மோர்க்குழம்புதான். சமையல் தராசு, கடிகாரம், நோட்டுப் புத்தகத்தோடு தன் கை செய்வதைத் தானே பார்த்து எழுதினார். மூன்றாம் நாள், நுரை எத்தனையாவது நிமிடத்தில் எழும்புகிறது என்று குறித்துக்கொண்டிருந்தபோது குழம்பு திரிந்துவிட்டது. நாற்பது வருடத்தில் அவர் கையில் மோர்க்குழம்பு திரிந்தது அதுதான் முதல் தடவை.

ஐந்தாம் நாள் பதினோரு பக்கம் தயாரானது. ஐம்பத்திரண்டு கட்டங்கள். முதல் கட்டம், கைகளைக் கழுவவும். நடுவில் மூன்று எச்சரிக்கைகள், கடைசியில் திரிந்தால் என்ன காரணம் என்று ஒரு அட்டவணை. ஹஸன் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். அன்றே செய்து கொண்டுவந்த குழம்பை விஜயலக்ஷ்மி இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். தான் செய்வதைவிட நன்றாக இருந்தது.

குடியிருப்பு வாட்ஸப் குழுவில் பதினோரு பக்கத்தையும் விஜயலக்ஷ்மி போட்டார். ஏழு வீட்டிலிருந்தும் கும்பிடும் கைகள் வந்தன. ஹஸனைத் தவிர ஒரு வீட்டிலும் குழம்பு வைக்கவில்லை. ஷண்முகப்ரியா தனியாக ஒரு செய்தி அனுப்பினார். "சூப்பர் ஆன்ட்டி. ஆனா சிம்பிளா ஒரு ஆறு வரியில போட முடியுமா?"

ஹஸன் விடாமல் வாரம் இரண்டு முறை வைத்தார். ஆவணியில் ஜரீனா ஊர் திரும்பியபோது ஹஸனுக்குத் தாளைத் திறக்காமலே வைக்கும் அளவுக்குக் கை பழகியிருந்தது. திரும்பிய மூன்றாம் நாள், ஜரீனாவைப் பார்க்க விஜயலக்ஷ்மி போயிருந்தார். சாப்பாட்டு மேஜையில் குழம்பு இருந்தது.

"சும்மா சொல்லக் கூடாது, நல்லா வெச்சிருக்கீங்க," என்றார் ஜரீனா கணவரிடம். "எப்படி வெச்சீங்க?"

"இதுல என்னா இருக்கு," என்றார் ஹஸன். "தேங்காய் அரைச்சு மோர்ல விட்டுத் தாளிக்க வேண்டியதுதான். தானா வந்துரும்."

ஜரீனா சரி என்று தலையாட்டி மனத்தில் குறித்துக்கொண்டார். விஜயலக்ஷ்மி ஹஸனைப் பார்த்தார். பிறகு ஜரீனா பக்கம் திரும்பி, பேரன் யார் ஜாடை என்று விசாரித்தார்.