வேலிக் கம்பியில் பளையகாட்டுச் சாரம்

இன்று காலை தேநீரோடு பின்கதவைத் திறந்தால், என் பயற்றங்கொடிக்குப் பக்கத்தில் ஒரு கிரவுண்ட்ஹொக், வளை தோண்டுகிற கொழுத்த பிராணி, நிமிர்ந்து நிற்கிறது. முன்னங்கால் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, பூசைக்கு வந்தவர் மாதிரி. வாயில் என் கொடியின் கொழுந்து. கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றியவன் நான், முதல் அறுவடை அவருக்கு. கையைத் தட்டினேன். ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் மென்றார்.

“ஆரோடை கதைக்கிறியள்?” என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

“பழைய ஆள் ஒருத்தர் வந்திருக்கிறார்” என்றேன்.

பழைய ஆள்தான். இந்தப் பிராணியை நான் முதன்முதலாக வடிவாகப் பார்த்தது ஒரு வேட்டைத் துவக்கின் தொலைநோக்கிக் கண்ணாடிக்குள்ளால். சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. நீங்களாவது கேளுங்கள்.

எண்பத்தாறாம் ஆண்டுக் கோடை, கனடாவுக்கு வந்த புதிது. நானும் ஜெறோமும் டோர்செட் பார்க்கில் ஓர் அப்பார்ட்மென்றில், ஒரே அறையில் இருந்தோம். ஜெறோம் மன்னார்க்காரன். என் வயதுதான், என்னைவிட ஒரு சாண் உயரம். கிழமை நாட்களில் இருவருக்கும் பிளாஸ்ரிக் வாளி செய்கிற ஃபக்டரியில் வேலை. சனிக்கிழமைகளில் ரூஜ் ஆற்றுப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போஞ்சிக்காய் பிடுங்கப் போவோம். அப்போது அங்கே வீடு ஏது? வயலும் மரமும் கிரவல் ரோட்டும்தான்.

ஜெறோமின் அகதி வழக்கு அந்த இலையுதிர் காலத்தில் விசாரணைக்கு வர இருந்தது. அது சரிவந்தால்தான் மன்னாரில் இருந்த மனைவியையும், அவன் இன்னும் கண்ணாலே காணாத மகளையும் கூப்பிடலாம். குடிவரவுக் கந்தோர் கொடுத்த கடதாசியைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுச் சேட்டுப் பொக்கற்றில் வைத்திருப்பான். போஞ்சி பிடுங்கும்போதும் அது அங்கேதான். குளிக்கப் போனால் கதவுக் கொழுவியில் அவன் கண் படுகிற மாதிரித் தொங்கும். நான் பகிடி பண்ணுவேன். ஊரில் என் அடையாள அட்டையையும் நான் அப்படித்தான் காவித் திரிந்தேன் என்பது வேறு கதை.

முதற் சனிக்கிழமையே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை, காய்ந்த தடியை முறிக்கிற அளவுதான். எங்களுக்கு அது போதும். “படு மச்சான், படு” என்றான் ஜெறோம். அவன் சொல்லும்போது நான் ஏற்கெனவே மண்ணில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் என் மூக்குக்கு முன்னால் ஒரு சோடி றப்பர் பூட்ஸ் வந்து நின்றது. பண்ணைக்காரி மார்ஜ். தலையைக் குனிந்து, ஏதும் தொலைத்துவிட்டீர்களா என்று ஆங்கிலத்தில் அன்பாகக் கேட்டாள். ஓம் என்று சொல்லி, இல்லாத ஒரு பொத்தானை நான் தேடத் தொடங்கினேன்.

மார்ஜுக்கு ஐம்பது வயது இருக்கும். தனியாகப் பண்ணை பார்த்தாள். கிரவுண்ட்ஹொக் மேய்ச்சல் நிலம் முழுக்க வளை தோண்டும். போன வருடம் அவளுடைய குதிரை ஒன்று அப்படியொரு வளைக்குள் கால் விட்டு முறித்துக்கொண்டதாம். அதைத் தன் கையாலேயே சுட்டு முடிக்கவேண்டி வந்ததாகச் சொன்னாள். அதைச் சொல்லும்போது எங்களைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தாள்.

ஜெறோம் அந்தப் பிராணிக்குக் கொழுத்த கீரி என்று பெயர் வைத்தான்.

அவளுடைய துவக்கு இருபத்திரண்டு என்கிற சின்ன ரகம். சன்னமும் கோதும் சேர்ந்தே என் சின்னி விரலின் பாதிதான் வரும். ஊசி கோதின் நடுவில் குத்தாமல் அடி விளிம்பில் தட்ட, அது வெடிக்கும். இதைவிடப் பெரிய துவக்கு வீட்டில் இருந்தது. ஆனால் பக்கத்துப் பண்ணைக் குதிரைகள் வெருளும், ஆட்களும் குடிவரத் தொடங்கிவிட்டார்கள் என்று இதைத்தான் எடுப்பாள். தவறினால் சன்னம் தாண்டிப் போய்விடும் என்று, பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் நிற்கிற கீரியை அவள் சுட்டதே இல்லை. துவக்கில் தையல் மெஷின் எண்ணெய் மணத்தது. எனக்கு அது ஆச்சரியம். அதுவரை நான் துவக்கை வாய்ப் பக்கத்தால் மட்டும்தான் கண்டவன்.

பிக்கப்பின் பின்தட்டில் ஒரு சின்ன மணல் மூட்டையை வைத்து, அதன் மேல் துவக்கைக் கிடத்தி, தானும் குப்புறப் படுப்பாள். மணல் மூட்டை என்றால் எங்களுக்கு ஆமிக் காவலரண். இங்கே அதற்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை துவக்கில் கன்னத்தை வைத்துப் படுத்திருக்கிறாள். கீரி நிற்பது உதைபந்தாட்ட மைதானம் ஒன்றின் நீளத்தையும் தாண்டி, வெறும் கண்ணுக்கு ஒரு மண்ணிறப் புள்ளி. அவ்வளவு தூரத்துக்கு அந்தச் சின்னச் சன்னம் நேராகப் போகாது. எறிந்த கல்லைப் போல வளைந்து இறங்கும், லேசான காற்றும் அதைத் தள்ளிவிடும். ஆகவே கீரியைச் சுட அவள் கீரியைக் குறிவைப்பதில்லை. அதன் தலைக்கு மேலே, காற்று வரும் பக்கமாகக் கொஞ்சம் விலத்தி, ஒன்றுமே இல்லாத இடத்தைக் குறிவைப்பாள்.

காற்றைப் பார்க்க வேலி நெடுகக் கடதாசித் துண்டு கட்டியிருந்தாள். மழைக்கு அது கிழிந்துவிடும். அடுத்த சனிக்கிழமை ஜெறோம் தான் இடுப்பில் கட்டுகிற பழைய பளையகாட்டுச் சாரம் ஒன்றைக் கொண்டுவந்து கிழித்துக் கொடுத்தான். நீலச் சதுரம் போட்ட துண்டுகள் கனடா நாட்டு வேலியில் வரிசையாக ஆடின. கிட்ட இருப்பது ஒரு பக்கம் ஆடும், தூர இருப்பது சும்மா தொங்கும். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். நாங்கள் போஞ்சியை மறந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். வெடி கேட்கும். பிறகு ஒரு இடைவெளி, சன்னம் இன்னும் வழியில் இருக்கிற இடைவெளி. அதற்குப் பிறகுதான் தூரத்தில் ‘தொப்’ என்று கேட்கும், புள்ளி சாயும். அந்த இடைவெளியில் எனக்கு மயிர்க்கூச்செறியும். துவக்கைப் பார்த்துப் பயந்த காலம் போய், வாய் பிளந்து நின்றேன்.

ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை தூரத்துச் சாரத் துண்டொன்று கம்பியில் சிக்கிக்கொண்டது. மார்ஜ் துவக்கை வெறுமையாக்கி, பூட்டைத் திறந்து, இதைக் கொஞ்சம் பிடி என்று ஜெறோமின் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. குழந்தைப்பிள்ளையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான்.

அந்த நேரம் பார்த்துக் கிரவல் ரோட்டில் ஒரு பொலிஸ் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து, எங்களைக் கண்டு மெதுவாகி நின்றது.

“முடிஞ்சுது மச்சான். எல்லாம் முடிஞ்சுது” என்றான் ஜெறோம்.

பிறகு அவன் செய்தது எல்லாம் ஊரில் சோதனைச் சாவடியில் செய்கிறதுதான். துவக்கை மெல்ல மண்ணில் வைத்தான். தொப்பியைக் கழற்றினான். பொக்கற்றில் இருந்த கடதாசியை எடுத்துத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, சின்னச் சின்ன எட்டு வைத்துக் காரை நோக்கி நடந்தான். நானும் தொப்பியைக் கழற்றினேன். என்னிடம் கடதாசி இல்லை, வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

இறங்கி வந்த பொலிஸ்காரருக்கு எங்கள் வயதுதான் இருக்கும். ஜெறோமின் கடதாசியைப் பார்த்தார், அது என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. தூண்டிலோடு வருகிறவனைக் கேட்கிற மாதிரிக் கேட்டார்: “ஏதும் அகப்பட்டதா?”

ஜெறோம் கடதாசியை இன்னும் உயர்த்திப் பிடித்தான். பொலிஸ்காரர் அவனைத் தாண்டிப் போய், மண்ணில் கிடந்த துவக்கைக் கண்டு முகத்தைச் சுளித்தார். இப்படி வைக்கக்கூடாது, குழாய்க்குள் மண் போய்விடும் என்றார். எடுத்துக் குழாய்க்குள்ளால் வானத்தைப் பார்த்தார். தன் கைலேஞ்சியால் துடைத்தார். துடைத்துவிட்டு அதை ஜெறோமின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

மார்ஜ் வந்ததும் இருவரும் காற்றைப் பற்றி நெடுநேரம் கதைத்தார்கள். அவர் பிக்கப்பின் தட்டில் படுத்துக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார், பிறகு மார்ஜுக்கு இடம் விட்டார். அவள் சுட்டாள். வெடி, இடைவெளி, அதன்பிறகு ஒன்றும் இல்லை. கீரி வளைக்குள் போய்விட்டது. அந்தக் கோடையில் நான் கண்டு அவள் தவறவிட்டது அது ஒன்றுதான். கடைசிச் சாரத் துண்டு மற்றப் பக்கம் ஆடியதே, பார்க்கவில்லையா என்று சிரித்துவிட்டு அவர் காரில் ஏறிப் போனார்.

ஜெறோம் போஞ்சிச் சாலுக்குள் குந்தியிருந்து அழுதான். பஸ்ஸில் திரும்பி வரும்போது வழி நெடுக ஒரே கதைதான். “துடைச்சு என்ரை கையிலை தந்தவனடா. பேப்பரை வாங்கிக்கூடப் பாக்கேல்லை. உது என்ன நாடு மச்சான்?” அன்றைக்குத்தான் இந்த நாட்டில் இருந்துவிடலாம் என்று நான் முதன்முதலாக நினைத்தேன்.

அவன் வழக்குச் சரிவந்தது. மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். ஆனாலும் கடதாசி பல வருடம் பொக்கற்றிலேயே இருந்தது. மார்ஜ் நிலத்தை விற்றுவிட்டுப் போனாள், எங்கே என்று தெரியாது. வேலியும் சாரத் துண்டுகளும் மண்மேடும் போய், வீடுகள் வந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது. போன கிழமை என் பேரன் வாசலில் கூடைப்பந்து விளையாடிக்கொண்டிருக்க, ஒரு பொலிஸ் கார் மெதுவாக வந்தது. அவன் பந்தை மெல்ல நிலத்தில் வைத்தான். தொப்பியைக் கழற்றினான். இரண்டு கையும் தெரிய நின்றான். இங்கேயே பிறந்து, மன்னாரையோ யாழ்ப்பாணத்தையோ கண்டறியாத பிள்ளை.

“ஏன்டா பந்தை வைச்சனீ?”

“சும்மா, அப்பப்பா. இட்ஸ் ஃபைன்.”

கார்க் கண்ணாடி இறங்குமா, ஏதும் அகப்பட்டதா என்று யாராவது கேட்பார்களா என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடி இறங்கவில்லை. கார் திரும்பிப் போகும்வரை பேரன் அசையவில்லை.