ஜோல் காபி

போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்தபோது ஒரு பெட்டி நிறைய இட்லிப் பொடி, மோர் மிளகாய், புளி, கடலைமிட்டாய் என்று கட்டிக்கொண்டு வந்தவள் நான். பெயர் உமா மகேஸ்வரி, ஊர் கோவில்பட்டி. மத்திய அரசின் சர்வே ஆபீசில் வேலை. வீடு வீடாகப் போய், "போன வாரம் உங்கள் வீட்டில் என்ன சமைத்தீர்கள், எத்தனை முட்டை, எவ்வளவு எண்ணெய்" என்று கேட்டு எழுதுவதுதான் என் பிழைப்பு. இருபத்தைந்து வருஷமாக அடுத்தவர் சாப்பாட்டை விசாரிக்கிறேன். ஆனால் என் நாக்கு கோவில்பட்டியைத் தாண்டிப் போனதில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வத்தை உடைத்தவன் சிவபிரகாஷ்.

எங்கள் ஆபீசுக்கு வாடகைக்கு ஓடிய ஜீப்பின் டிரைவர் அவன். இருபத்தெட்டு வயசு, ஒல்லி உடம்பு, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீப்பு. நிக்கோபார் பக்கம் கட்சல் தீவில் பிறந்தவன். அவன் தாத்தா காலத்தில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்களை அங்கே ரப்பர் பால் எடுக்கக் குடியமர்த்தினார்களாம். இப்போது அவனும் அவன் அம்மா ஒச்சம்மாவும் போர்ட் பிளேரை ஒட்டிய சிப்பிகாட் என்ற ஊரில் இருக்கிறார்கள். பேசுவது தமிழ்தான், ஆனால் சோற்றில் கல் மாதிரி நாலு வார்த்தைக்கு ஒரு இந்தி கடிபடும். எனக்கோ இந்தி சுட்டுப்போட்டாலும் வராது. அதனால் வண்டி ஓட்டியவனே எனக்கு வாயாகவும் இருந்தான்.

முதல் வாரமே ஒரு வங்காளி ஓட்டலில் கொண்டுபோய் உட்கார வைத்தான். தகரக் கொட்டகை, நாலே பெஞ்சு. தட்டில் சோற்று மலை, பக்கத்துக் கிண்ணத்தில் மஞ்சளாக ஒரு மீன்.

"என்னப்பா இது? மஞ்சத்தூளைத் தண்ணியில கரைச்சு மீனைக் குளிப்பாட்டி வெச்சிருக்கான். புளி எங்க, தேங்கா எங்க?"

"மேடம், குஸ்ஸா பண்ணாதீங்க, கோவம் வேணாம். மீனைப் பாக்காதீங்க. அந்தத் தண்ணியை மட்டும் சோத்துல கொஞ்சமா ஊத்தி ஒரு வாய் சாப்புடுங்க. மீன் ஜோல்னு பேரு. புடிக்கலன்னா என்னைய வேலையை விட்டே தூக்கிருங்க."

சாப்பிட்டேன். முதலில் கடுகெண்ணெய் மூக்கில் ஏறியது. திட்ட வாயெடுத்தேன். அதற்குள் கருஞ்சீரகம் ஒரு வாசனை, பச்சை மிளகாய் ஒரு வாசனை, அப்புறம் மீனின் தித்திப்பு. அன்று பிடித்த மீன் என்பதை அந்தக் குழம்பு மறைக்கவே இல்லை. நாங்கள் புளியைக் கொட்டி மசாலாவைக் கொட்டி மீனை மூடி வைக்கிறோமே, இவர்கள் திறந்து காட்டுகிறார்களே என்று பிரமித்துப் போனேன். வாயைப் பொத்திக்கொண்டு மூன்று தடவை சோறு வாங்கினேன். அவன் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டான், ஜெயித்துவிட்டானாம்.

அன்றிலிருந்து இரண்டு வருஷம் எனக்குத் திருவிழாதான். சர்வே எந்தப் பக்கம் என்று நான் சொல்வேன், சாப்பாடு எங்கே என்று அவன் சொல்வான். மலையாள மாப்பிளாக்காரர் ஒருவர் கடையில் காகிதம்போல் மெல்லிசாக அரிசிப் பத்திரியும் ஆட்டுக்கறியும். மீனவக் குப்பத்தில் ஒரு தெலுங்குப் பெண் கருவாட்டையும் கத்தரிக்காயையும் சேர்த்து வைத்த புளுசு என்ற புளிக்குழம்பு. அதைச் சாப்பிட்ட அன்று என் அம்மா சமையலை முதல்முறையாகச் சந்தேகப்பட்டேன். ராஞ்சிக்காரர்களின் அரிசி வடை. நிக்கோபார்க்காரர் ஒருவர் தாழம்பழத்தை அவித்து அரைத்துச் செய்து தந்த ரொட்டி. வேலியில் நிற்கிற தாழையைத் தின்பார்கள் என்று யார் கண்டது? ஒரே ஊருக்குள் இத்தனை அடுப்பா, இத்தனை கைப்பக்குவமா என்று எனக்கு வாய் மூடவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள், அந்தக் கழுதை ஐம்பது வயதில் தெரிந்துகொண்டது.

ஆனால் அவனிடம் ஒரு கிறுக்கு இருந்தது. எந்தக் கடையானாலும், சாப்பிட்டுக் கை கழுவியதும் முதலாளியிடம் போய் நின்று, "ஜோல் காஃபி மிலேகா?" என்பான். கிடைக்குமா என்று அவ்வளவு பணிவாகக் கேட்பான். அவர்கள் முழிப்பார்கள். வங்காளிகள் என்றால் சிரித்தே உருளுவார்கள். மீன் குழம்பில் காபி போட்டுக் கொடுங்கள் என்று ஒருவன் கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு அறிவிருக்கா? போற எடமெல்லாம் கேலிக்கு எடம் குடுக்குற. அப்படி என்னப்பா காப்பி அது?"

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சொன்னான்.

சுனாமி வந்தபோது அவனுக்கு எட்டு வயசு. கட்சலில் அலை அவனைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மரத்தில் மாட்டிவிட்டது. ஒரு பகலும் ஓர் இரவும் அந்தக் கிளையிலேயே கிடந்திருக்கிறான். குடித்ததெல்லாம் உப்புத் தண்ணீர். அப்பா போய்விட்டார். அம்மாவைக் காணோம், வேறொரு முகாமில் உயிரோடு இருக்கிறாள் என்று பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. யாரோ அவனை இறக்கிக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். கண் இரண்டும் உப்பில் வீங்கி ஒட்டிக் கிடந்தன, எதுவும் தெரியவில்லை.

"அப்ப ஒரு அம்மா என் தலையைத் தூக்கி மடியில வெச்சுச்சு மேடம். யாருன்னு தெரியாது. காதுகிட்ட குனிஞ்சு, 'ஜோல் காபி?'ன்னு கேட்டுச்சு. வாயில ஊத்துச்சு. அப்பா! என்னா டேஸ்ட்டு! இனிப்பு மேடம். சக்கரை இனிப்பு இல்ல, வேற ஒரு இனிப்பு. உள்ள போகப் போக உடம்பெல்லாம் எரிஞ்சுக்கிட்டு இருந்தது அணைஞ்சு போச்சு. அந்த மாதிரி ஒண்ணை நான் அப்பறம் குடிச்சதே இல்ல. கண்ணு தெறந்தப்ப நான் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரில இருந்தேன். அந்தம்மா இல்ல."

"அதுக்கு?"

"அந்தக் காப்பி எந்த ஊர்க்காரங்க போடுறதுன்னு தெரிஞ்சா அந்தம்மாவைப் புடிச்சுரலாம்ல? வேற எந்த அடையாளமும் எங்கிட்ட இல்ல மேடம். மொகத்தை ஒரே ஒரு தடவ பாத்துறணும். இருவது வருசம் ஆச்சு. அவங்களுக்கும் வயசாயிருக்கும். டைம் இல்ல."

ஊர் ஊராக இவன் இத்தனை கடை தெரிந்து வைத்திருந்தது நாக்குக்காக இல்லை, அந்த ஒருத்திக்காக. நான் சாப்பிட்ட அத்தனை அதிசயமும் அவன் தேடிப் போன வழியில் கிடைத்தவைதான். அவன் அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். "பொழைச்சு வந்ததே பெருசுன்னு இருக்காம, காப்பியத் தேடிக்கிட்டு அலையிறான் பாருங்க. மண்டையில அடிபட்டதுல கனவு கண்டிருப்பான்" என்றாள் ஒச்சம்மா. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் நானும் தேட ஆரம்பித்துவிட்டேன். சர்வேக்குப் போகிற வீட்டிலெல்லாம் கேள்வித்தாளில் இல்லாத ஒரு கேள்வியை நானே சேர்த்துக் கேட்டேன். வெல்லக் காபி சொன்னார்கள், சுக்குக் காபி சொன்னார்கள், கருகிய அரிசியில் போடும் காபி சொன்னார்கள். ஒவ்வொன்றையும் போட்டுக் கொடுக்கச் சொல்லி அவனைக் குடிக்க வைத்தேன். கண்ணை மூடிக் குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்குவான்.

போன பிப்ரவரியில் ஹேவ்லாக் தீவில் சர்வே விழுந்தது. அவனையும் அழைத்துக்கொண்டு படகில் போனேன். மதியம் பஜாரில் ஷெபாலி என்ற வங்காளிப் பெண்மணியின் ஓட்டலில் உட்கார்ந்தோம். அறுபது வயசிருக்கும். கை நிறைய வெள்ளைச் சங்கு வளையல், வாய் நிறைய வெற்றிலை. தானே சமைத்து, தானே பரிமாறி, சாப்பிடாமல் சோற்றை அளைகிறவர்களைத் தானே அதட்டுவாள். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. வாழைப்பூவில் தேங்காயும் சின்ன இறாலும் போட்டு ஒன்று வைத்தாள். வாழைப்பூ என்றால் வடைதான் என்று நினைத்திருந்த என் ஜென்மம் கடைத்தேறியது.

பக்கத்துப் பெஞ்சில் அவளுடைய பேத்தி, மூணு வயசுக் குட்டி, பிடிவாதமாகத் தானே மீனை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். மிளகாயைக் கடித்துவிட்டாள் போலிருக்கிறது. முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி, ஒரு விக்கல்.

ஷெபாலி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து குட்டியின் தலையைத் தூக்கிப் பிடித்துக் கேட்டாள்.

"ஜோல் காபி?"

சிவபிரகாஷின் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது.

ஷெபாலி தம்ளரைக் குழந்தையின் வாயில் வைத்தாள். அது மடக் மடக்கென்று குடித்தது. அவன் எழுந்து போனான். கை எச்சிலாக இருப்பதைக்கூடக் கவனிக்கவில்லை. தம்ளருக்குள் எட்டிப் பார்த்தான்.

"தீதி, அபி க்யா போலா?" இப்போது என்ன சொன்னீர்கள் என்று கேட்டான். குரலே அவன் குரலாக இல்லை.

அவளுக்கு விளங்கவில்லை. "என்ன சொன்னேன்? தண்ணி குடிக்கிறியான்னு கேட்டேன்" என்றாள் இந்தியில்.

வங்காளத்தில் ஜோல் என்றால் தண்ணீராம். குழம்பும் ஜோல்தானாம், அதை மூச்சை அழுத்திச் சொல்வார்கள், இதைச் சாதாரணமாக. நமக்கு இருப்பது ஒரே ஒரு ஜ, அதுவும் இரவல் எழுத்து, இரண்டும் ஒன்றாகத்தான் காதில் விழும். காபி என்றால், சின்னக் குழந்தையைக் கேட்பதுபோல், 'சாப்பிடுறியா?' அவர்கள் தண்ணீரைக் குடிப்பதில்லை, சாப்பிடுகிறார்கள். கட்சலில் தமிழும் இந்தியும் மட்டும் கேட்டு வளர்ந்த எட்டு வயசுப் பையன் அதைக் காபி என்று எடுத்துக்கொண்டான். வளர்ந்து கடை கடையாகக் கேட்டபோது அதையே நாகரிகமாகக் 'காஃபி' ஆக்கிவிட்டான். அப்புறம் எந்த வங்காளிக்குத்தான் அது தன் பாஷை என்று தெரியும்?

"தண்ணியா மேடம்?" என்று என்னைப் பார்த்தான். "வெறும் தண்ணியா?"

இருபது வருஷமாக அவன் ஏறிய ஒவ்வொரு கடையிலும் முதலில் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, அதையே வேறெங்கோ தேடியிருக்கிறான்.

அவன் சிரித்தான். "தண்ணி எனக்கே தண்ணி காட்டிருச்சு மேடம்" என்றான். சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டான். அவன் ஏன் அழுதான் என்று எனக்குத் தெரியும். அந்தக் காபி ஒன்றுதான் அவன் கையில் இருந்த அடையாளம். இந்தத் தீவுகளில் எத்தனை ஆயிரம் வங்காளிப் பெண்கள், விக்கிய பிள்ளையை அப்படிக் கேட்காதவள் யார்? இனி அவளைக் கண்டுபிடிக்கவே முடியாது.

நான் என் ஓட்டை இந்தியில் ஷெபாலியிடம் கதையைச் சொன்னேன். பாதியை இந்தி தின்றுவிட்டது, மீதியைக் கையால் காட்டினேன். அலை, மரம், கப்பல், வீங்கிய கண். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கதை முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"அந்தக் கப்பலில் நீங்கள் இல்லையே?" என்று நான் கேட்டேன், ஒரு நப்பாசையில்.

"நஹி. நான் இங்கேதான் இருந்தேன்" என்றாள்.

உள்ளே போனாள். பானையிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு வந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சங்கு வளையல் போட்ட கையால் அந்த இருபத்தெட்டு வயசுக்காரனின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். குனிந்து அவன் காதில் கேட்டாள்.

"ஜோல் காபி?"

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். தலையை ஆட்டினான். அவள் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊற்றினாள். தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். தம்ளர் காலியானதும் கண்ணைத் திறந்தான். மிகப் பக்கத்தில் இருந்த அவள் முகத்தைப் பார்த்தான். நெற்றிச் சுருக்கம், சிவந்த உதடு, வகிட்டுக் குங்குமம் என்று ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் பார்த்தான். அவளும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அதே இனிப்பு மேடம்" என்றான்.

நானும் அந்தப் பானையிலிருந்து ஒரு தம்ளர் வாங்கிக் குடித்தேன். லேசாகத் துரு வாடை அடிக்கிற கிணற்றுத் தண்ணீர். பிறந்ததிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் ஒரு குற்றம் சொல்லிப் பழகிய வாய் இது, அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.