சுரங்கத்துக்குள் பின்னால் வந்த சைக்கிள்

அருள்நாயகி அக்கா எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கிறார். காலையில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் எங்கள் சீசாப் பகுதியிலிருந்து பஸ் பிடித்து லிபெர்த்தா வீதிக்குப் போவார். அங்கே பல் வைத்தியர் மார்த்தினாவின் வீட்டில் கூட்டித் துடைத்துச் சமைத்துவிட்டுப் பின்னேரம் திரும்புவார். வன்னியிலிருந்து கைப்பிள்ளை ஜெனனியோடு தப்பி வந்தவர். ஜெனனி இப்போது பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். அக்கா அதிகம் கதைக்காதவர். போன வருடம் நடந்ததையும் என்னிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. உடுப்புக் காயப்போடும்போது கொஞ்சம், மீன் வெட்டும்போது கொஞ்சம் என்று சொன்னார். நான் அதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

மார்த்தினாவின் கணவர் லொரென்சோ சைக்கிள் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் நிற்கமாட்டார். அப்படிப் போன ஒரு நாள், மலைப்பக்க வளைவொன்றில் ஒரு கார் அவரை அடித்துவிட்டுப் போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்பே உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகு மார்த்தினா சைக்கிளைத் தொடவில்லை. பின்னால் கார் வரும் சத்தம் கேட்டாலே நின்றுவிடுவார். நடைபாதையில்கூடச் சுவரை ஒட்டித்தான் நடப்பார். வாசல் நடையில் நின்ற அவருடைய இரண்டு சைக்கிள்களுக்கும் அக்காதான் கிழமைக்கொருமுறை தூசி தட்டிவந்தார்.

மாசி மாதத்தில் ஒரு நாள், கோப்பி குடித்துக்கொண்டிருந்த மார்த்தினா திடீரென்று கேட்டார். "அருளா, உனக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமா?"

"எங்கடை ஊரிலை சைக்கிள் ஓடாத பொம்பிளை இல்லை, சிஞ்ஞோரா."

"ஃபிக்குசாக் காட்டுப் பக்கம் ஒரு பாதை இருக்கிறது. பழைய ரயில் பாதை. தண்டவாளத்தை எடுத்துவிட்டுச் சல்லி போட்டிருக்கிறார்கள். அங்கே கார் வராது. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. என்னோடு வருவாயா? இதை வேலையாக நினைக்காதே. இஷ்டம் இருந்தால் வா."

அக்கா ஓம் என்றார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

அந்த ஞாயிறு மார்த்தினாவின் காரில் இரண்டு சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மார்த்தினா தன் பழைய சைக்கிளின் சீற்றை இறக்கி அக்காவுக்குக் கொடுத்தார். ஒரு பக்கம் செங்குத்தான பாறை மலை. மற்றப் பக்கம் பச்சைப் பயிர் போர்த்திய குன்றுகள் கண்ணுக்கு எட்டும்வரை கிடந்தன. ரயில் ஓடிய பாதையானபடியால் ஏற்றம் தெரியாமலே ஏறியது. கூரை விழுந்த ஸ்டேசன் ஒன்று, செம்மறி மந்தை ஒன்று. அவற்றைவிட்டால் ஒரு குருவியும் இல்லை.

சில்லு உருளத் தொடங்கியதும் அக்கா ஒரு கணம் பிரேக்கைப் பிடித்தார். கிரவல் றோட்டு. அந்தச் சத்தத்தை அவர் பல வருடமாகக் கேட்கவில்லை. பலெர்மோ முழுக்கக் கல்லும் தாருமாக இருந்தது எவ்வளவு நிம்மதி என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

கடைசியாக அவர் கிரவல் றோட்டில் சைக்கிளோடு போனது சண்டையின் கடைசி மாதங்களில். விசுவமடுவிலிருந்து சனம் முழுக்க ஒரே பாதையால் நகர்ந்தது. அக்கா ஜெனனியைச் சீற்றில் இருத்திக் கட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் போனார். கணவர் விக்னராஜா அரிசி மூட்டையும் கூடாரம் அடிக்கத் தறப்பாளும் ஏற்றிய மற்றச் சைக்கிளோடு பின்னால். அவருடைய பின் மட்காட் கழன்று, கம்பியால் கட்டியிருந்தது. ஒவ்வொரு குழிக்கும் டக் டக் என்று அடிக்கும். ஷெல் விழத் தொடங்கியபோது, "திரும்பிப் பாராதை. பிள்ளையோடை போ. நான் பின்னாலை வாறன்," என்று கத்தினார். அக்கா போனார். டக் டக் சத்தம் கொஞ்ச நேரம் பின்னால் வந்தது. பிறகு வரவில்லை.

உடலை யாரும் காணவில்லை. முகாமிலும் ஆஸ்பத்திரிகளிலும் தேடினார். கண்டவர் என்று ஒருவர்கூட இல்லை. அவர் செத்துவிட்டார் என்று யாராவது சொன்னால் அக்கா அந்த ஆளோடு கதைப்பதை நிறுத்திவிடுவார்.

ஸ்டேசனைக் கடந்ததும் ஒரு சுரங்கம் வந்தது. உள்ளே பாதை வளைவதால் மறுவாசல் தெரியாது. மார்த்தினா விளக்கைப் போட்டுக்கொண்டு முன்னால் போனார். அக்கா பின்னால். நடுப்பகுதிக்கு வந்தபோது, தன் முதுகுக்குப் பின்னால் சல்லி நெரிவது அக்காவுக்குக் கேட்டது. ஒரு சைக்கிள். அவசரப்படாமல், இடைவெளி விட்டு வந்தது.

"யாரோ வருகிறார்கள். வழி விடு, அருளா," என்று மார்த்தினா ஓரம் கட்டினார்.

இருவரும் சுவரோடு நின்றார்கள். சத்தம் நின்றுவிட்டது. ஒருவரும் வரவில்லை.

"எதிரொலி," என்றார் மார்த்தினா.

"ஓம்," என்றார் அக்கா. ஆனால் அவர் டக் டக் என்றதைக் கேட்டிருந்தார்.

அடுத்த ஞாயிறும் போனார்கள். அதற்கடுத்த ஞாயிறும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அந்தச் சத்தம் வந்தது. வெளிச்சம் தெரிகிற இடத்தில் நின்றது. இருவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை இரவே அக்கா தலைக்கு முழுகிவிடுவார். விடிய எழும்பிப் பவுடர் போடுவார். "அம்மா, சைக்கிள் ஓடப் போறீங்களோ, கலியாணவீட்டுக்குப் போறீங்களோ?" என்று ஜெனனி பகிடி பண்ணினாள். அக்கா சிரித்தார்.

பங்குனி முடிவில் ஒரு நாள், அந்த இடிந்த ஸ்டேசன் வாசலில் இருந்து சியாகுல்லி ஊர் மந்தரீன் பழம் உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மார்த்தினா குன்றுகளைப் பார்த்தபடி சொன்னார். "உனக்கும் கேட்கிறது என்று எனக்குத் தெரியும். அது லொரென்சோ. மிதிக்காமல் விடும்போது அவருடைய சில்லு டிக் டிக் என்று பாடும். எனக்கு அது நன்றாகத் தெரியும்."

அக்காவின் கையிலிருந்த பழம் விழுந்தது. அந்த வீட்டில் ஒரு நாளும் குரல் உயர்த்தாதவர், தமிழிலேயே கத்தினார். "அது என்ரை மனுசன்!" மார்த்தினாவுக்கு விளங்கவில்லை. அக்கா இத்தாலியனில் திரும்பச் சொன்னார். "அது என்ரை மனுசன். உங்களுக்குக் கல்லறை இருக்கு, சிஞ்ஞோரா. பூ வைக்க ஓரிடம் இருக்கு. எனக்கு இந்தச் சத்தத்தை விட்டால் ஒண்டும் இல்லை. இதையும் எடுக்காதேங்கோ."

மார்த்தினா விழுந்த பழத்தை எடுத்துப் பைக்குள் போட்டார்.

வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன்னால் இருந்தபோதுதான் அக்காவுக்குத் தான் சொன்னது உறைத்தது. இத்தனை வருடமாக, கணவர் எங்கேயோ சிறையில் இருக்கிறார், வருவார் என்று எல்லோரோடும் சண்டை பிடித்தவர். இன்றைக்குத் தன் வாயாலேயே அவரை ஆவி என்று சொல்லிவிட்டார். உயிரோடு இருக்கிற மனிசன் சிசிலிச் சுரங்கத்துக்குள் ஏன் வரவேண்டும்? சோறு இறங்கவில்லை. ஜெனனி என்னவென்று கேட்டபோது, தலையிடி என்று போய்ப் படுத்தார்.

அதன்பிறகு ஞாயிறுகளில் போகவில்லை. வேலைக்குப் போனார், செய்யவேண்டியதைச் செய்தார், வந்தார். மார்த்தினா தனியாகப் போய்ப் பார்த்தார். ஒரு திங்கட்கிழமை குசினிக் கதவில் வந்து நின்றார்.

"தனியாகப் போனால் ஒன்றுமே கேட்கவில்லை. சுரங்கத்துக்குள் நின்று அழுதேன். நீ சொன்னது சரி. அது உன் கணவர்தான். எனக்காக வேண்டாம், உனக்காக ஒருமுறை வா."

வென்றுவிட்ட சந்தோசம் அக்காவுக்கு வரவில்லை. பயம்தான் வந்தது. ஆனாலும் போனார்.

முதல்நாள் மழை பெய்து, குன்றுகளில் பனிப்புகார் படிந்திருந்தது. சுரங்கத்தின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதே இடத்தில் சல்லி நெரிந்தது. டக் டக். இந்த முறை அக்கா சைக்கிளை நிறுத்தி இறங்கினார். அன்றைக்கு வன்னியில் திரும்பாத தலையைத் திருப்பினார். இருட்டு. கணவரின் பெயரை அவர் ஒருநாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"இஞ்சாருங்கோ," என்றார். சுரங்கம் அதைத் திருப்பிச் சொன்னது.

சத்தம் நிற்கவில்லை. கிட்ட வந்தது. அக்காவின் தோளுக்குப் பக்கத்தால், சேலைத்தலைப்பு இருந்தால் தட்டுப்பட்டிருக்கும் அவ்வளவு கிட்டத்தால் போனது. முன்னால் நின்ற மார்த்தினா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒதுங்கினார். டக் டக் அவரையும் கடந்து, வளைவுக்கு அப்பால் வாசல் பக்கம் போய், தேய்ந்து, இல்லாமற் போனது.

இருவரும் வெளியே வந்தார்கள். வாசலில் ஈரக் கிரவல் ஒரு தடமும் இல்லாமல் கிடந்தது. மார்த்தினா அதிலேயே இருந்து விம்மி விம்மி அழுதார். அக்காவுக்குக் கண்ணீர் வரவில்லை. மார்த்தினாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று பின்னேரம் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மைத்துனருக்குப் போன் எடுத்தார். "தம்பி, அவருக்குக் கிரியை செய்யுங்கோ. நான் மறிக்கமாட்டன்."

ஜெனனி கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, அப்பா செத்திட்டார் எண்டு உங்களுக்கு இப்பதான் தெரியுமோ?"

"முந்தியே தெரியும், பிள்ளை. இப்பதான் சொல்லுறன்."

இருவரும் இன்னும் ஞாயிறுகளில் அந்தப் பாதைக்குப் போகிறார்கள். சுரங்கத்துக்குள் இப்போது இரண்டு சைக்கிள்களின் சத்தம் மட்டும்தான். மார்த்தினா இரண்டொருமுறை நின்று, "கேட்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா இல்லையென்று தலையாட்டுவார். "எனக்கும் இல்லை," என்று மார்த்தினா சொல்லிவிட்டுத் தொடர்ந்து மிதிப்பார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். போன கிழமை கடைச் சாமான்களோடு இருவரும் ஒன்றாகப் படியேறினோம். அக்கா முன்னால், நான் பின்னால். பின்னால் வரும் என் காலடிச் சத்தத்தைக் கேட்டு இரண்டாம் மாடியில் அவர் நின்றார். மூச்சு வாங்கவில்லை, பையும் பாரமில்லை. சுவரோடு ஒதுங்கி, என் முகத்தைப் பாராமல், "நீ முன்னாலை போ, தங்கச்சி," என்றார்.

நான் போனேன். அவருடைய செருப்புச் சத்தம் எனக்குப் பின்னால் ஏறி வரும்வரை எனக்கும் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.